சுக்கு வந்து நான்கு வருடம்: காப்பகத்து நாயோடு என் அனுபவம்

பொமரேனியன் ரோமம், தெருநாய்க் கால், காது மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. இதுதான் சுக்கு. எடை எட்டு கிலோ. சென்னையில் ஒரு காப்பகத்திலிருந்து கருத்தடை செய்த பிறகு கொடுத்தார்கள். அப்போதே இரண்டு வயதிருக்கும் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார்கள்.

தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குட்டியைத் தேடாதீர்கள், வளர்ந்ததை எடுங்கள். கலப்பினக் குட்டி எவ்வளவு பெரிதாகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கைக்குள் அடங்குகிறதே என்று தூக்கிப் போய், அது இருபது கிலோ ஆனதும் திருப்பிக் கொண்டுவந்து விடுபவர்கள் இருக்கிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களும் அதிகம் பலிவாங்குவதும் குட்டிகளைத்தான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ராத்திரி முழுக்கக் கத்தும் குட்டி சரிப்படாது.

ஆனால் காப்பகத்தில் பார்த்த குணத்தை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே பரமசாதுவாக இருந்தவள், முதல் சில வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். பயம் தெளிந்ததும்தான் கூரியர்காரரைக் கண்டால் குரைப்பாள், துடைப்பத்தைக் கண்டால் நடுங்குவாள் என்று தெரிந்தது. குரைப்பு குறைந்திருக்கிறது. துடைப்பம்? இன்றும் அவள் வேறு அறைக்குப் போன பிறகுதான் பெருக்குகிறோம்.

பெரிய தலைவலி உண்ணிக் காய்ச்சல். இரண்டாவது வருடம் திடீரென்று சாப்பாட்டைத் தொடவில்லை, ஈறு வெளுத்துப்போனது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா, பிளேட்லெட் மிகவும் குறைவு. நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். எங்கள் வீட்டிலோ எதற்கும் தயிர்சாதம். மாத்திரையோடு பால், தயிர் வேண்டாம், மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்றார் டாக்டர். நாய்க்கு மட்டும் மருந்து போட்டாலும் போதாது. உண்ணி சுவர் விரிசலில் ஏறி முட்டையிடும், அதனால் வீட்டையும் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது மாதம் ஒரு உண்ணி மாத்திரை. இங்கேதான் சின்ன நாயின் அருமை தெரிகிறது, ஏனென்றால் மருந்தின் அளவும் விலையும் எடையைப் பொறுத்தவை. செலவு கையைக் கடித்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

ரேபிஸ் தடுப்பூசி வருடா வருடம் போட்டு, சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். நாய் வளர்க்க மாநகராட்சி கொடுக்கும் உரிமத்துக்கு அது வேண்டும். இப்போது மைக்ரோசிப்பும் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப்) கட்டாயம்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சங்கத்தில் ஒருவர் லிஃப்டில் நாயை ஏற்றக்கூடாது என்று கொடி பிடித்தார். விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ, லிஃப்டை மறுக்கவோ முடியாது. அதைக் காட்டியதும் பேச்சு அடங்கியது. அதற்காகப் படிக்கட்டில் அசிங்கம் பண்ணவிட்டால் எந்த வழிகாட்டுதலும் காப்பாற்றாது. பையும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் இறங்குவதில்லை.

தீபாவளிக்கு நாங்கள் ஊருக்குப் போவதை விட்டுவிட்டோம். வெடிச் சத்தம் தொடங்கினால் குளியலறையில் வாளிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை முன்னதாகவே கொடுத்து, ஜன்னலை அடைத்து, டிவியைச் சத்தமாக வைக்கிறோம். மற்ற நாட்களில் வெளியூர் போனால் மாமியார் வீட்டில் விடலாம். நாயே ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த மாமனார்தான் இப்போது திருப்பிக் கொடுக்க யோசிக்கிறார்.