வேறு வேலையிலிருந்து நர்ஸிங்குக்கு: ஆன்லைனா, வளாகமா, கம்யூனிட்டி காலேஜா?

அமெரிக்காவில் ஒரு பட்டத்தோடு வேறு துறையில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, நர்ஸ் ஆகலாமா என்று யோசிப்பவரின் கண்ணில் முதலில் படுவது "16 மாதத்தில் ஆன்லைன் நர்ஸிங் பட்டம்" என்ற விளம்பரம்தான். அதில் உள்ள "ஆன்லைன்" என்ற சொல்லை நம்பி முடிவெடுக்காதீர்கள். பாடம் திரையில் நடக்கலாம். ஊசி போடும் பயிற்சியும் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் ஷிப்ட்டும் நேரில்தான். ஆகவே ஒப்பிட வேண்டியது ஒன்றே: மருத்துவமனையில் உங்களுக்கான இடத்தை யார் பிடித்துத் தருகிறார்கள்?

வளாகத்தில் நடக்கும் விரைவுப் பட்டம் பழைய வழி. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இதை 1971இல் தொடங்கியது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் 11 முதல் 18 மாதங்களில் முடித்துவிடலாம். பேராசிரியர் கண்ணெதிரே இருக்கிறார், ஆய்வகம் பக்கத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கும் உள்ளூர் மருத்துவமனைகளுக்கும் நெடுநாள் உறவு இருந்தால் களப்பயிற்சி இடத்துக்குத் தவிக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டுத்தான் சேர முடியும்.

விளம்பரத்தில் "ஆன்லைன்" என்று வருவது பெரும்பாலும் ஹைபிரிட், அதாவது கலப்பு முறைப் படிப்பு. அதில் விரிவுரைகள் ஆன்லைனில், செய்முறை ஒரு தனிப் பயிற்சி மையத்தில், களப்பயிற்சி ஒப்பந்த மருத்துவமனைகளில் நடக்கும். ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேர்க்கை நடப்பதால் காத்திருப்பு குறைவு. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இரவில் குழந்தை தூங்கிய பிறகு விரிவுரையை மறுபடி ஓடவிட்டுக் கேட்பது பெரிய வசதி. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் 12 மணி நேர ஷிப்ட்டும், நடுவில் தேர்வுகளும் வந்தால் அலுவலக வேலைக்கு நேரம் எங்கே? எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கிடைத்த மருத்துவமனை வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவு. சேரும்போது அவர் அதைக் கேட்கவும் இல்லை, கல்லூரி சொல்லவும் இல்லை. பாதியில் அவர் சேமிப்பு தீர்ந்தது.

பொம்மை நோயாளியை வைத்து நடத்தும் பயிற்சியை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நர்ஸ்களுக்கு உரிமம் வழங்கும் மாநில செவிலியர் வாரியங்களின் தேசிய அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வு, நன்கு நடத்தினால் களப்பயிற்சி நேரத்தில் பாதிவரை இப்படி மாற்றினாலும் கற்றலில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. கவனிக்க வேண்டியது அந்த "நன்கு" என்ற சொல்லை. அனுபவமுள்ள பயிற்றுநர் இருக்கிறாரா, முடிந்ததும் உட்கார்ந்து அலசுகிறார்களா என்று மையத்துக்கே போய்ப் பாருங்கள்.

மூன்றாவது வழி, உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில், இளங்கலைக்கு ஒரு படி கீழான ஏறக்குறைய இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம். பெயரில் பகட்டில்லை, சில ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆனால் செலவு மிகக் குறைவு, எழுதும் உரிமத் தேர்வும் அதே என்க்ளெக்ஸ்தான். அதில் தேறி வேலையில் சேர்ந்த பிறகு பி.எஸ்.என். என்ற நர்ஸிங் இளங்கலைப் பட்டத்துக்கான பாடங்களை ஆன்லைனில் படிக்கலாம். அந்த இடத்தில் ஆன்லைன் உண்மையிலேயே பொருந்துகிறது. கையில் சம்பளம் இருக்கிறது, கைத்திறன் ஏற்கெனவே வந்துவிட்டது. குடும்பப் பொறுப்பும் குறைந்த சேமிப்பும் உள்ளவருக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வழியை. வேறு துறைப் பட்டத்தோடு நேராகச் சேரும் முதுகலை நர்ஸிங், கல்விப் பணியையோ தலைமைப் பொறுப்பையோ குறிவைப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் கட்டணம் தேவையில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று. ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசின் பெல் உதவித்தொகை பொதுவாகக் கிடையாது. இளங்கலைக்கான மத்திய அரசுக் கடனுக்கும் சொந்தப் பொறுப்பில் படிப்பவருக்கு 57,500 டாலர் என்ற வாழ்நாள் உச்சவரம்பு உண்டு. பழைய கடனும் அதில் சேரும். மீதிக்குத் தனியார் கடன் என்றால் வட்டி கழுத்தை நெரிக்கும். இந்தியாவில் மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்த நம்மவர்கள், அந்தப் பட்டத்தை இளங்கலையாக ஏற்பார்களா என்று கல்லூரியிடம் முதலிலேயே கேளுங்கள். சில இடங்களில் ஏற்பதில்லை. உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்ற முன்தேவைப் பாடங்கள் அண்மையில் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் நிபந்தனை வைக்கின்றன. அதைச் சேர்த்தால் 16 மாதம் இரண்டரை ஆண்டாகலாம்.

அங்கீகாரத்தைச் சோதிக்காமல் ஒரு டாலரும் கட்டாதீர்கள். 2023 ஜனவரியில் புளோரிடாவில் அம்பலமான மோசடியில், அங்கிருந்த மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்ஸிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. உங்கள் மாநில செவிலியர் வாரியத்தின் தளத்தில் கல்லூரியின் ஒப்புதலையும், முதல் முயற்சியில் என்க்ளெக்ஸ் தேறியோர் விகிதத்தையும் பாருங்கள். கல்லூரி வேறு மாநிலத்தில் இருந்தால், நீங்கள் வசிக்கும் இடத்தில் களப்பயிற்சி நடத்த அதற்கு அனுமதி இருக்கிறதா என்று உங்கள் மாநில வாரியத்திடமே கேளுங்கள். பிறகு சேர்க்கை அலுவலரிடம், எந்த மருத்துவமனை, எந்த ஷிப்ட், இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் மட்டுமே பதில் சொல்லும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.