மேசையே கட்டிலாகும் வேன்: உப்புக்காற்றுக்கு எந்த அமைப்பு தாங்கும்?

தேவிபட்டினம், மண்டபம், மூக்கையூர் என்று கடலோரமாகவே வேனில் சுற்றுபவர்களுக்கு உள்ளே ஒரு சாப்பாட்டு மேசை கட்டாயம் வேண்டும். வெளியே பாய் விரித்துச் சாப்பிடலாம்தான். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது உட்கார்ந்து பாருங்கள், சோறெல்லாம் மணலாகிவிடும். அந்த மேசையே இரவில் கட்டிலாகவும் மாற வேண்டும். வேனில் இரண்டுக்கும் தனித்தனி இடம் கிடையாது.

பலரும் செய்வது இறக்கு மேசை. இரு பக்கச் சுவரோரமும் ஆறடி நீளத்தில் பெஞ்சு, நடுவில் கழற்றக்கூடிய ஒற்றைக்கால் மேசை. காலை எடுத்துவிட்டு, பெஞ்சின் உள்விளிம்பில் அடித்த மரச்சட்டத்தின் மேல் பலகையை இறக்கினால் இடைவெளி மூடிவிடும். பெஞ்சு 20 அங்குலம், நடைவழி 24 அங்குலம் என்றால் படுக்கை 64 அங்குல அகலம், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மேசை மூன்றடி நீளம்தான் இருக்கும் என்பதால் மீதி மூன்றடிக்கு இன்னொரு பலகை செய்து பெஞ்சுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் இரவு மெத்தைகளை மாற்றிப் போடும் வேலையும் உண்டு.

இன்னொன்று இழுப்புக் கட்டில். ரீப்பர் எனும் மெல்லிய மரச்சட்டங்களைச் சீப்புப் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒரே பெஞ்சாக மடக்கி வைப்பது. இழுத்தால் அகலமாகும், பத்து நொடி வேலை. ரீப்பர் இடைவெளியில் காற்று போவதால் மெத்தையின் அடியில் ஈரம் கட்டாது. இந்தக் கடற்கரையின் புழுக்கத்தில் அது பெரிய விஷயம். மேசை மட்டும் தனியாகச் செய்ய வேண்டும்.

வசதியைப் பார்த்து நான் முதலில் செய்தது இதைத்தான். சுலபமாக ஓடட்டும் என்று, சமையலறை டிராயருக்குப் போடும் டெலஸ்கோபிக் சேனலில் ஏற்றினேன். ஒரே கச்சான் பருவத்தில் பால்ரஸ்கள் துருவும் மணலுமாக இறுகிவிட்டன. சேனலே இல்லாமல் மரத்தின் மேல் மரம் நழுவும்படி செய்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் ஓடும். ஆனால் ஐப்பசி மழையில் ரீப்பர் ஊதும், பற்களுக்கிடையே 3 மில்லிமீட்டராவது விட வேண்டும்.

சுவரில் கீல் வைத்து மடக்கும் மேசையும் நிரந்தரக் கட்டிலும் மூன்றாவது வழி. தனியாகப் பயணிப்பவருக்குச் சரி. குடும்பத்தோடு போனால் பகல் முழுக்கக் கட்டில்மேல்தான் உட்கார வேண்டும்.

இப்போது என் வேனில் இருப்பது இறக்கு மேசை. அசையும் இரும்பு எதில் குறைவோ அதுதான் இங்கே நிற்கும். பெஞ்சின் மேல்மூடியை மட்டும் முழுப் பலகையாக இல்லாமல் ரீப்பராக அடித்ததால் காற்றோட்டமும் கிடைத்துவிட்டது. மேசைக்கால் அலுமினியக் குழாய் என்றால் அதில் இரும்புத் திருகாணி போடாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், கால், அது நிற்கும் குழியிலேயே சிக்கிக்கொள்ளும். கீலுக்கும் திருகாணிக்கும் துருப்பிடிக்காத எஃகில் 304 ரகத்தைவிட 316 ரகம் மேல். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும்.

பலகையைப் பொறுத்தவரை ஐ.எஸ். 303 முத்திரையுள்ள சாதா பிளைவுட் வேண்டாம், ஐ.எஸ். 710 மரைன் பிளையே வாங்குங்கள். அதிலும் அறுத்த விளிம்புகளுக்கும் திருகாணித் துளைகளுக்கும் எபாக்ஸி பூச வேண்டும், நீர் ஏறுவது அங்கேதான். பி.வி.சி. பலகை நனையாது, ஆனால் திருகாணியைப் பிடிக்காது. ஆள் படுக்கும் இடத்துக்கு அது ஆகாது. 18 மில்லிமீட்டர் பிளை ஒரு முழு ஷீட் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மேசைக்கு மட்டும் அதைப் போட்டு, கீழே சட்டம் தாங்கும் இடங்களுக்கு 12 போதும்.

ஆசாரியிடம் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். இருக்கைகளைக் கழற்றினால் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறும், அதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும்.