ஸ்ட்ரட்-அண்ட்-டை முறையோடு 11 ஆண்டுகள்

பெங்களூர் தொம்லூரில் எங்கள் சின்ன அலுவலகம். அடுக்குமாடி, பார்க்கிங் கட்டடம், ப்ரீகாஸ்ட் வேலை எல்லாவற்றுக்கும் கட்டமைப்பு வடிவமைப்பு செய்கிறோம். கான்கிரீட்டுக்குள் அழுத்தமும் இழுவையும் ஓடும் வழியை ஒரு சட்டகமாக நினைத்துக் கணக்கிடும் ஸ்ட்ரட்-அண்ட்-டை முறையை நான் கையில் எடுத்து 11 ஆண்டுகள் ஆகின்றன. கம்பியின் நடுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என்னை அதன் நுனியைப் பார்க்க வைத்தது இந்த முறைதான்.

சாதாரண பீமின் நடுப்பகுதிக்கு நாம் கல்லூரியில் படித்த வளைவுக் கணக்கு போதும். பாரம் வந்து இறங்கும் இடம், தாங்கியின் அருகு, ஆழம் திடீரென மாறும் இடம், துளையின் ஓரம் ஆகியவற்றில் அந்தக் கணக்கு செல்லாது. அந்தக் குழப்பம் ஏறக்குறைய உறுப்பின் ஆழம் அளவுக்குப் பரவி நிற்கும். 1987-இல் ஷ்லைஷ், ஷேஃபர், யென்னெவைன் என்ற ஜெர்மன் பொறியாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை இப்படிப்பட்ட இடங்களை 'டி' பகுதி என்று தனியே பிரித்து, அதற்குள் ஒரு டிரஸ் (முக்கோணங்களாகக் கோத்த சட்டகம்) இருப்பதாக நினைத்துக் கணக்கிடும் வழியை ஒழுங்குபடுத்தியது. டிரஸ் உவமை அதற்கு முன்பே, 1899-இல் சுவிஸ் பொறியாளர் ரிட்டர் காலத்திலேயே உண்டு. அழுத்தத்தைச் சுமக்கும் கான்கிரீட் ஸ்ட்ரட், இழுவையைச் சுமக்கும் கம்பி டை, இரண்டும் சந்திக்கும் இடம் நோடு.

முதலில் செய்தது ஒரு பைல் கேப், அதாவது நிலத்துக்குள் இறங்கும் இரண்டு பைல்களின் தலையில் தூணைத் தாங்க வார்க்கும் கான்கிரீட் கட்டி. தூணின் பாரம் 3000 கிலோநியூட்டன், பைல் மையங்களுக்கு இடையே 1.8 மீட்டர், தூண் 600 மில்லிமீட்டர் அகலம். பாதிப் பாரம் தூணின் மையத்திலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி இறங்குவதாக வைத்தால், பைல் மையத்துக்குக் கிடைமட்டத் தூரம் 750, மேல் நோடுக்கும் கீழ் நோடுக்கும் செங்குத்தாக 900. ஸ்ட்ரட்டின் சாய்வு ஏறக்குறைய 50 பாகை. டையில் வரும் விசை 1500 × 750 / 900, அதாவது 1250 கிலோநியூட்டன். எஃப்இ 500 ரகக் கம்பிக்கு 25 மில்லிமீட்டரில் ஆறு போதும். இதுவரை வளைவுக் கணக்கு தரும் விடையும் பெரிதாக மாறாது.

மாறுவது ஓரத்தில்தான். வளைவுக் கணக்கில் பைலை நெருங்க நெருங்க மொமென்ட் (வளைக்கும் விளைவு) குறையும், கம்பியின் வேலையும் குறைவதாகத் தோன்றும். டிரஸ்ஸில் அப்படி இல்லை. ஒரு பைலிலிருந்து மறு பைல்வரை அதே 1250. அந்த முழு விசையோடு கம்பி பைலுக்கு மேல் வந்து நிற்கிறது. எம்30 ரகக் கான்கிரீட்டில் 25 மில்லிமீட்டர் கம்பி முழு பலத்தையும் எடுக்க 1130 மில்லிமீட்டர் நீளம் வேண்டும். 600 மில்லிமீட்டர் பைலின் உள் விளிம்பிலிருந்து கேப்பின் ஓரம்வரை, கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) போக, எனக்குக் கிடைத்தது 675. மிச்சத்தை மேலே மடக்கித்தான் பெற வேண்டும்.

இந்த மடக்கைத்தான் சைட்டில் முதலில் வெட்டுவார்கள். கம்பி கட்டும் மேஸ்திரி தர்மபுரிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். "எதுக்கு சார் இவ்வளவு கொக்கி, கம்பி வேஸ்ட்டாகுதே" என்றார். சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் ஸ்ட்ரட்டும் டையும் சேர்ந்த முக்கோணத்தை வரைந்தேன். "அண்ணே, ரெண்டு காலும் வெளிய வழுக்காம இந்தக் கயிறுதான் புடிச்சிருக்கு. நுனி முடிச்சு அவுந்தா?" அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த கம்பிகளைத் தனியே எடுத்துப் போடச் சொன்னார். மொமென்ட் வரைபடத்தைக் காட்டி அந்தப் பேச்சு என்னால் பேசியிருக்க முடியாது.

ப்ரீகாஸ்ட் (முன்பே வார்த்துக் கொண்டுவரும்) பீமின் நுனியைப் பாதி ஆழத்துக்கு வெட்டி உட்கார வைக்கும் இடத்தில் இது உயிர்ப் பிரச்சினை. கனடாவில் கியூபெக் மாநிலத்தின் லவாலில் 2006 செப்டம்பர் 30 அன்று ஒரு மேம்பாலம் விழுந்து 5 பேர் இறந்தார்கள். பல காரணங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று, இப்படி வெட்டிய நுனியில் பாரத்தைத் தூக்கிப்பிடிக்க வேண்டிய 'யு' கம்பி மேல் கம்பியைச் சரியாகப் பற்றாமல் இருந்தது. டிரஸ் வரைந்தால் அங்கே ஒரு நோடு இருப்பது கண்ணில் படும்.

சரி, குறைகள். ஒரே உறுப்புக்கு நூறு டிரஸ் வரையலாம், எல்லாமே சமநிலையில் நிற்கும். மூன்றாம் ஆண்டில், தரைத்தளத்து டிரான்ஸ்ஃபர் பீம் (மேல்மாடித் தூணைத் தாங்கும் பீம்) ஒன்றில் டக்ட் குழாய் போகப் பெரிய துளை. கம்பி கட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று கிடையும் செங்குத்துமாகவே டைகளை வைத்தேன். பலம் போதுமானதாக இருந்தது. ஆனால் பலகையைப் பிரித்த வாரத்திலேயே துளையின் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியது. கான்கிரீட் என் டிரஸ்ஸுக்கு வந்து சேரும் முன் தன் இயல்பான வழியில் பாரத்தைக் கடத்தப் பார்த்திருக்கிறது. எபாக்ஸி ஏற்றிச் சரிசெய்தோம். அந்த விரிசல் என் தவறு. இப்போது விரிசல் விழும் முன் உள்ளே விசை எப்படிப் போகும் என்று காட்டும் மீள்தகைவுக் கணக்கை முதலில் ஓட்டி, தகைவு ஓடும் திசையிலிருந்து 15 பாகைக்குள் ஸ்ட்ரட்டை வைக்கிறேன். மூலைகளில் சாய்வுக் கம்பி, இரு முகத்திலும் வலைக்கம்பி கட்டாயம். விரிசலின் அகலமும் தொய்வும் இந்த முறையில் கிடைக்காது, தனியாகப் பார்க்க வேண்டும்.

நேரமும் பிடிக்கும். பாரச் சேர்க்கை மாறினால் டிரஸ்ஸும் மாறலாம். இந்தியக் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456:2000 ஆழமான பீமுக்கு நெம்புகரச் சூத்திரம் (அழுத்தத்துக்கும் இழுவைக்கும் இடையிலான தூரம்) தருகிறது, துளை இருந்தால் என்ன செய்வது என்று சொல்வதில்லை. அதனால் சரிபார்ப்பவரிடம் இந்தியப் பாலங்களுக்கான ஐஆர்சி 112, ஐரோப்பாவின் யூரோகோடு 2 அல்லது அமெரிக்காவின் ஏசிஐ 318-இன் 23-ஆம் அத்தியாயத்தைக் காட்டி விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு கணக்கில் இரண்டு விதியைக் கலக்காதீர்கள். பாதுகாப்புக் காரணிகள் வேறு வேறு, ஏசிஐ சிலிண்டர் (உருளை) மாதிரியைச் சோதித்த பலத்தில் பேசும், நாம் கியூப் (கனசதுர) மாதிரியின் பலத்தில் பேசுகிறோம்.

அப்புறம் நோடு. கணக்கில் புள்ளியாக இருப்பது சைட்டில் கம்பிக் காடாக இருக்கும். நான்கு 32 மில்லிமீட்டர் கம்பி, தூணின் கம்பி, ரிங் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றால் கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி நுழையாது, அடியில் தேன்கூடுபோல் ஓட்டை விழும். அங்கே கான்கிரீட் கெட்டால் ஸ்ட்ரட்டும் இல்லை, டையும் இல்லை. அதனால் ஒவ்வொரு நோடையும் அசல் அளவில் ஒரு பெரிய தாளில் வரைந்து, கம்பியின் உண்மையான தடிமனும் வளைவு ஆரமும் போட்டு, 40 மில்லிமீட்டர் ஊசி இறங்க வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே வரைபடத்தை அனுப்புகிறேன். இல்லையென்றால் பீமின் அகலத்தைக் கூட்டுகிறேன்.