சைபர்டீமனா, ஸ்பைடர் மாஸ்டர்மைண்டா: டூமின் இரண்டு பூதங்களில் எது பொல்லாதது?

ஹெல்த், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணை மட்டும் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. சைபர்டீமனுக்கு 4000, ஸ்பைடர் மாஸ்டர்மைண்டுக்கு 3000. ஆனால் 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில், 4000 உள்ளது இரண்டாம் எபிசோடின் முடிவிலேயே வந்துவிடுகிறது. 3000 உள்ளதைத்தான் மூன்றாம் எபிசோடின் எட்டாம் மேப்பில் கடைசி பாஸாக, அதாவது முடிவில் வெல்ல வேண்டிய பெரிய எதிரியாக, உட்கார வைத்திருக்கிறார்கள். வரிசை மாறிப்போச்சு என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஒன்று ராக்கெட் விடுகிறது, இன்னொன்று துப்பாக்கிக் குண்டு பொழிகிறது. எங்கே நிற்பது, எந்த ஆயுதத்தை எடுப்பது, எவ்வளவு தூரம் விடுவது எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தால் தலைகீழாக மாறிவிடும்.

முதலில் சைபர்டீமன். ஆட்டம் நேரத்தை வினாடிக்கு 35 டிக் என்று எண்ணுகிறது. சைபர்டீமன் சுட ஆரம்பித்தால் மூன்று ராக்கெட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 24 டிக், அதாவது முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு ராக்கெட்டுக்கு முன்னும் உங்கள் பக்கம் திரும்பி, அந்த நொடியில் நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் குறிவைக்கும். நீங்கள் போகப்போகும் இடத்தை அது கணக்கில் எடுப்பதே இல்லை. ராக்கெட் ஒரு டிக்குக்கு 20 அலகு (ஆட்டத்தின் தூர அளவு) நகரும். ராக்கெட்டின் உடல் ஆரம் 11, உங்களுடையது 16. ஆக 27 அலகு பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் நேரடி அடி கிடையாது. 500 அலகு தள்ளி நின்றால் அது வந்து சேர 25 டிக் ஆகும். ஓடிக்கொண்டே இருப்பவருக்கு அது தாராளம்.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்? பின்னால் இருக்கும் சுவரால்தான். ராக்கெட் உங்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் வெடித்தால், அந்த வெடிப்பு 128 அலகு வரை எட்டும். வெடித்த இடத்துக்கு எவ்வளவு பக்கமோ, அடியும் அவ்வளவு பலம். அதனால் முதுகுக்குப் பின்னால் குறைந்தது 128 அலகு காலி இடம் வேண்டும். தோராயமாக ஒரு பெரிய கதவின் அகலம். தூணுக்குப் பின்னால் முழுக்க மறைந்திருந்தால் வெடிப்பு தொடாது, உண்மைதான். ஆனால் எட்டிப் பார்த்துச் சுட வெளியே வரும்போது ராக்கெட் அந்தத் தூணின் விளிம்பிலேயே வெடிக்கும். நேரடியாகப் பட்டால் 20 முதல் 160 வரை, அதன்மேல் வெடிப்பு நூற்றுக்கும் மேல். மிகக் குறைந்த கணக்கே 120-ஐத் தாண்டும். ஆர்மர் (உடல் கவசம்) இல்லாமல் 100 ஹெல்த்தோடு நிற்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நீல ஆர்மர் பாதி அடியை வாங்கிக்கொள்ளும் என்பதால், இந்தச் சண்டைக்கு முன் அதைத் தேடி எடுப்பது வீண்வேலை அல்ல.

இன்னொரு தவறு, மூன்று ராக்கெட்டுக்கு நடுவில் ஓடும் திசையை மாற்றுவது. முதல் ராக்கெட்டைத் தவிர்த்துவிட்டு அப்படியே திரும்பி ஓடினால், இரண்டாவது வரும் வழியில் நீங்களே போய் நிற்பீர்கள். ஒரே திசையில் சுற்றுங்கள். மூன்று முடிந்து அது நடக்கத் தொடங்கும் இடைவெளியில் திசையை மாற்றிக்கொள்ளலாம். அதன் குளம்புச் சத்தமும், இயந்திரக் காலின் உலோகச் சத்தமும் மாறி மாறிக் கேட்க ஆரம்பித்தால் ‘நடக்கிறது, இப்போது சுடவில்லை’ என்று பொருள். திரையைவிடக் காது முந்திக்கொள்ளும் இடம் இது. அந்த ஒலியை அமைத்தவர்கள் கும்பிடத்தக்கவர்கள்.

இப்போது மாஸ்டர்மைண்ட். இங்கே தவிர்க்க எதுவுமே இல்லை. சுட்ட நொடியில் குண்டு பட்டுவிடும். குறிபார்க்க 20 டிக் எடுத்துக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு 9 டிக்குக்கும் இரண்டு முறை, முறைக்கு மூன்று குண்டு, குண்டுக்கு 3 முதல் 15 வரை அடி. அத்தனையும் பட்டால் வினாடிக்கு 210 போகும். நல்லவேளையாகக் குண்டுகள் இருபக்கமும் 22 டிகிரி வரை சிதறும். 512 அலகு தூரத்தில் ஏறத்தாழ ஆறேழு குண்டில் ஒன்றுதான் படும். அப்படியும் மூன்று வினாடியில் 100 ஹெல்த் கரைந்துவிடும். வட்டமடித்து ஓடுவதால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறை சுடும்போதும் அது உங்களை நோக்கித் திரும்பிக்கொள்கிறது. நீங்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது சுடுவதை நிறுத்தாது. மறைந்தால்தான் நிறுத்தும்.

ஆகவே சைபர்டீமனிடம் கழுத்துக்குச் சுருக்காக இருந்த தூண், மாஸ்டர்மைண்டிடம் கவசமாகிறது. இந்தக் குண்டுகளுக்கு வெடிப்பு கிடையாது. விளிம்பில் பட்டால் அங்கேயே தீர்ந்தது. அதோடு, குறிபார்க்கும் அந்த 20 டிக், அதாவது அரை வினாடிக்கு மேல், முழுக்க உங்களுடையது. வெளியே வாருங்கள், சுடுங்கள், அது பொழியத் தொடங்கும் முன் உள்ளே போங்கள்.

பிளாஸ்மா துப்பாக்கி கையில் இருந்தால் மறையவே தேவைப்படாமல் போகலாம். ஒவ்வொரு அடிக்கும் மாஸ்டர்மைண்ட் வலியில் துள்ளி வேலையை விட்டுவிட 256-ல் 40 வாய்ப்பு. சைபர்டீமனுக்கு 256-ல் 20 மட்டுமே. பிளாஸ்மா 3 டிக்குக்கு ஒன்று பாய்கிறது. அந்த 20 டிக்குக்குள் ஆறேழு அடி விழும். கணக்குப் போட்டால் மூன்றில் இரண்டு முறை அது சுடத் தொடங்கும் முன்பே தடுக்கப்படுகிறது. விசையிலிருந்து மட்டும் விரலை எடுக்காதீர்கள். எடுத்தால் பிளாஸ்மா ஆற 20 டிக் ஆகும். அது குறிபார்க்கத் தேவைப்படுவதும் அதே 20 டிக்தான். சராசரியாக மாஸ்டர்மைண்டுக்கு 135 செல் (பிளாஸ்மாவின் தோட்டா), சைபர்டீமனுக்கு 180 செல் செலவாகும். கூடுதல் தோட்டா கொள்ளும் பேக்பேக் இல்லாமல் 300 செல் வைத்துக்கொள்ளலாம் என்பதால் இரண்டுக்குமே போதும்.

ராக்கெட் லாஞ்சர் பலருக்குப் பிடித்தது, இங்கே அது ஏமாற்றும். இரண்டு பூதத்துக்கும் வெடிப்பு உறைக்காது. மேப்பில் கிடக்கும் பீப்பாயை வெடிக்க வைத்தாலும் அப்படித்தான். நேரடி அடி மட்டுமே கணக்கு, சராசரி 90. சைபர்டீமனுக்கு 45 ராக்கெட், மாஸ்டர்மைண்டுக்கு 34. பேக்பேக் இல்லாமல் 50-தான் கொள்ளும், ஆகவே குறி தப்பக்கூடாது. நெருங்கிப்போய் விட்டால் வெடிப்பு உங்களுக்கு மட்டும் உறைக்கும்.

ஆட்டத்தின் மிகப் பலமான துப்பாக்கியான பிஎஃப்ஜியில்தான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. ஒரு சுடுதலுக்கு 40 செல். பச்சை உருண்டை பட்டால் 100 முதல் 800 வரை. உண்மையான அடி அதற்குப் பிறகு வருகிறது. உருண்டை வெடித்து 16 டிக் கழித்து, நீங்கள் அப்போது நிற்கும் இடத்திலிருந்து, உருண்டை போன திசையில், 90 டிகிரி விசிறியாக 40 கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் கிளம்பும். கதிருக்குச் சராசரி 67. எதிரி எவ்வளவு அகலமோ அவ்வளவு கதிர் பாயும். சைபர்டீமனின் அகலம் 80 அலகு. 200 அலகு தள்ளி நின்றால் பத்துப் பன்னிரண்டு கதிர்தான் படும், மூன்று நான்கு சுடுதல் ஆகும். இரண்டே சுடுதலில் முடிக்க அதன் மார்பில் ஒட்டி நிற்கும் துணிச்சல் வேண்டும். மாஸ்டர்மைண்டின் அகலம் 256. நெருங்கி நின்றால் நாற்பதும் பாயும்: 2700, அதோடு உருண்டை. ஒரே சுடுதலில் கடைசி பாஸ் சாய்ந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு. பிஎஃப்ஜி கிடைப்பதே மூன்றாம் எபிசோடில்தான். அதே எபிசோடின் முடிவில் அதற்கு மிக எளிதாகப் பலியாகும் பூதத்தை வைத்ததுதான் வரிசை தப்பு என்ற பேச்சுக்குக் காரணம். பிஎஃப்ஜி இல்லாமல் திறந்தவெளியில் மாஸ்டர்மைண்டைச் சந்தித்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

பாஸாக எது சிறப்பு என்றால் தயங்காமல் சைபர்டீமனைச் சொல்லலாம். அது கொன்றால் தப்பு நம்முடையது, எங்கே தப்பு என்பதும் தெரியும். மாஸ்டர்மைண்ட் கொன்றால் மறைவிடம் இல்லை என்பதைத் தவிரக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த அகலத்தால் குறுகலான வழிகளில் நுழையவும் முடியாமல் சிக்கி நிற்கும்.

1994-ல் வந்த டூம் 2-ன் இருபதாம் மேப்பில் இரண்டையும் ஒரே இடத்தில் விட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே வரும்படி நின்று, ஒன்று சுடுவது இன்னொன்றின் மேல் படச் செய்தால் போதும், சண்டை மூண்டுவிடும். பெரும்பாலும் சைபர்டீமன்தான் ஜெயிக்கும்: 256 அலகு அகலத்தை அதன் ராக்கெட் தவறவிடுவது கடினம், மாஸ்டர்மைண்டின் குண்டிலோ பாதிக்குமேல் சிதறிப்போகும். சண்டை மூண்டதும் இரண்டின் பார்வையிலிருந்தும் விலகிவிடுங்கள். அவசரப்பட்டு நடுவில் சுட்டால் அடிபட்டது உங்கள் பக்கம் திரும்பிவிடலாம். ஜெயித்து நிற்பது சைபர்டீமன் என்றால் சுவரை விட்டு வெளியே வந்து சண்டையைத் தொடங்குங்கள். மாஸ்டர்மைண்ட் என்றால் தூணை விட்டு நகராதீர்கள்.