கோர்ட் முத்திரை போட்ட பி.டி.எஃப்பை நம்பி 3,850 டாலர் இழந்தேன் – நியூஜெர்சியில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மதியம் நுவார்க் ஃபெடரல் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது ரயிலிலேயே இதை எழுத ஆரம்பித்தேன். கை நடுங்கியது, முடிக்க முடியவில்லை. இன்று காலை தையல் மிஷினைத் தொடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனது 3,850 டாலர். ஒரு பிளவுஸுக்கு நாற்பது, ஐம்பது என்று வாங்கிச் சேர்த்த காசு. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எடிசனில் வீட்டிலிருந்தே பிளவுஸும் பட்டுப் பாவாடையும் தைத்துக் கொடுக்கிறேன். என் பெயரில் ஒரு சின்ன எல்எல்சி, அதாவது பதிவு செய்த கம்பெனி, அதற்கு ஒரு வெப்சைட். அதைச் செய்து கொடுத்தவரோடு டிசம்பரில் கணக்கை முடித்துக்கொண்டேன். ஜனவரியில், பொங்கல் ஆர்டர்கள் குவிந்திருந்த வாரத்தில், சைட் திறக்கவில்லை. அவருடைய பழைய பாஸ்வேர்டில் யாரோ உள்ளே போய் ஆர்டர் பட்டியலையும் எல்லாருடைய அளவுக் குறிப்புகளையும் அழித்திருந்தார்கள். நான்கு வருஷ அளவுகள். கைக்குழி எவ்வளவு, தோள் எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. வேறொருவரைப் பிடித்து மீட்க 1,900 டாலர் ஆனது. சைட் மூடிக் கிடந்த நாட்களின் வியாபாரத்தையும் சேர்த்தால் மொத்தம் 2,600. இந்த 2,600 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உள்ளூர் போலீஸில் எழுதிக்கொண்டார்கள். இணையக் குற்றப் புகார்களுக்காக எஃப்.பி.ஐ. நடத்தும் ஐசி3 தளத்திலும் புகார் கொடுத்தேன். ஒரு மாதம் ஆகியும் யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கோபத்தில்தான் இணையத்தில் தேடி, சட்ட ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சேவையில் என் போன் நம்பரைப் போட்டேன். பெயரைச் சொல்லவில்லை. "சைபர் வழக்கு, ஃபெடரல் கோர்ட், வக்கீல் செலவில் பாதி" என்ற வகை.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பித்தவன் என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டான். "அக்கா, ஊர்ல எந்தப் பக்கம்? தஞ்சாவூரா? எங்கம்மா கும்பகோணம் அக்கா." அந்த ஒரு வாக்கியத்தில் நான் இளகிப்போனேன். ஒரு மாதமாக யாருமே காதுகொடுத்துக் கேட்காத கதையை ஒருவன் தமிழில் பொறுமையாகக் கேட்கிறான். நடுவில் "சாப்பிட்டீங்களா அக்கா, அப்புறம் பேசலாமா?" என்கிறான். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். அழவும் செய்தேன். அவன் குறித்துக்கொண்டதெல்லாம் என் கதையை அல்ல, என்னிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதை என்று இப்போது புரிகிறது.

அவன் சொன்ன சட்டம் உண்மையானதுதான். 1986-இல் வந்த கணினி மோசடி மற்றும் முறைகேட்டுச் சட்டம், ஃபெடரல் சட்டத் தொகுப்பில் 18-ஆம் தலைப்பு, பிரிவு 1030. எண்ணை மனப்பாடமாகச் சொன்னான். நான் போனில் பேசிக்கொண்டே தேடிப் பார்த்தேன், இருந்தது. சட்டம் சரியாக இருக்கிறதே, ஆளும் சரியாகத்தான் இருப்பான் என்று நினைத்துவிட்டேன். "கிரிமினல் கேஸாவே போட்டுடலாம் அக்கா, அந்த ஆள் பத்து வருஷம் உள்ள போவான்" என்றான். ஊரில் மாஜிஸ்திரேட் முன்னால் தனி ஆள் நேரடியாகப் புகார் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் வழக்கை ஆராய 450. பிறகு மனு தயாரிக்க 2,200. கடைசியாக "ஃபெடரல் கோர்ட் ஃபைலிங் ஃபீஸ்" 1,200. ஆக 3,850. மூன்றையுமே வங்கிச் செயலியிலிருந்து நேரடியாக அனுப்பச் சொன்னான். கார்டில் கொடுத்தால் கூடுதல் கட்டணம் வருமாம். "உங்களுக்கு எதுக்கு அக்கா வீண் செலவு?" என்றான். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் மறுப்புத் தெரிவித்து இழுத்துப் பிடித்திருக்கலாம். அந்த வழியை என் நன்மைக்கு என்று சொல்லியே அடைத்துவிட்டான்.

இரண்டு வாரத்தில் ஒரு பி.டி.எஃப். வந்தது. மேலே நியூஜெர்சி மாவட்ட கோர்ட்டின் பெயர், கழுகு முத்திரை, வழக்கு எண். அந்த எண் 2-இல் தொடங்கி, நடுவில் "சிஆர்" என்ற எழுத்துகள், பின்னால் ஐந்து இலக்கம். கீழே என் பெயர், "எதிர்" என்ற சொல், வெப்சைட்காரர் பெயர். அதை அச்சடித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அலைக்கழிப்பு. கேட்டால் கோர்ட்டில் நெரிசல் என்றான். அடுத்த முறை நீதிபதி விடுமுறை. பேசரில், அதாவது ஃபெடரல் கோர்ட் வழக்குகளைத் தேடிப் பார்க்கும் தளத்தில், தேடினேன், என் வழக்கு வரவில்லை என்று சொன்னபோது, "சைபர் கேஸ் அக்கா, சீல் பண்ணி வச்சிருக்காங்க, வெளியில தெரியாது" என்றான். சீல் வைத்த வழக்குகள் நிஜமாகவே உண்டு என்பதால் அதையும் நம்பினேன். பிறகு அவன் போனை எடுப்பதை நிறுத்தினான். வேறு ஒரு பெண் ஆங்கிலத்தில், உங்கள் பிரதிநிதி இப்போது இங்கே இல்லை, ஆவணம் உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதனால் பணம் திரும்பத் தரப்படாது என்று படித்துக் காட்டினாள். மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் அதே வரிகள்.

நேற்று மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி நுவார்க் போனேன். வால்நட் தெருவில், மார்ட்டின் லூதர் கிங் பெயரில் இருக்கும் ஃபெடரல் கோர்ட் கட்டடம். கிளார்க் அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மா எண்ணைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அது வேறு யார் மேலேயோ உள்ள வழக்கு. சட்ட ஆலோசனை தர தனக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு, பொதுவான விஷயங்களை மட்டும் விளக்கினார். எண்ணில் "சிஆர்" வந்தால் கிரிமினல், "சிவி" வந்தால் சிவில். முதலில் வரும் 2 என்பது நுவார்க். ஃபெடரல் கிரிமினல் வழக்கில் ஒரு பக்கம் எப்போதும் அமெரிக்க அரசுதான், தனி ஆள் பெயர் அந்த இடத்தில் வரவே வராது. சிவில் வழக்குப் போட கட்டணம் 350-உம் 55-உம் சேர்த்து 405 டாலர். என்னிடம் வாங்கியது 1,200. கோர்ட்டுக்கு ஒரு காசு போகவில்லை.

அங்கே வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கவுண்டி வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவைக்குப் போன் செய்தேன். சாயங்காலமே ஒரு நிஜ வக்கீல் அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணியைப் பிப்ரவரியில் வாங்கியிருந்தால் 3,850 டாலர் தப்பித்திருக்கும்.

அவர் சொன்னது இது. பிரிவு 1030-இல் தனி ஆள் சிவில் வழக்குப் போட வழி உண்டு, இரண்டு வருஷத்துக்குள். ஆனால் என்னைப் போன்றவர்கள் ஓர் ஆண்டுக்குள் குறைந்தது 5,000 டாலர் நஷ்டம் காட்ட வேண்டும். நஷ்டம் என்றால் கெட்டதைச் சரிசெய்த செலவு, சேவை நின்றதால் போன வருமானம், அந்த வகை மட்டும். என் கணக்கு 2,600. முதல் நாளே என் நஷ்டம் இவ்வளவுதான் என்று நான் சொன்னபோது அந்தப் போன்காரன், "மன உளைச்சலையும் சேர்த்துக் காட்டிடலாம் அக்கா" என்றான். இந்த வகை வழக்கில் பண நஷ்டம் மட்டுமே கிடைக்கும், மன உளைச்சலுக்கு இடமில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறதாம்.

இன்னொன்று என் நெஞ்சில் குத்தியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் வான் பியூரன் வழக்கில், ஆறுக்கு மூன்று என்று ஒரு தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. ஜார்ஜியா மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு வண்டி எண் ஒன்றைப் போலீஸ் கணினியில் தேடிக் கொடுத்தார். அவருக்கு அந்தக் கணினியில் நுழைய அனுமதி இருந்தது, நோக்கம்தான் தப்பு. நோக்கம் தப்பு என்பதற்காக அதை இந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாக்க முடியாது, அந்த இடத்துக்குக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் டிசம்பரில் ஈமெயிலில் கணக்கு முடித்தேனே தவிர, பாஸ்வேர்டை மாற்றவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார் என்றார் அவர். அழித்தது தனிக் குற்றம், அதற்கு வாதம் இருக்கிறது, ஆனால் சுலபமில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை: பாதிக்கப்பட்டது என் எல்எல்சி. ஃபெடரல் கோர்ட்டில் கம்பெனி வக்கீல் இல்லாமல் வாதாடவே முடியாது. "நீங்களே போட்டுக்கலாம், நாங்க பேப்பர் ரெடி பண்ணித் தரோம்" என்று அவன் விற்ற திட்டம் உண்மையாகவே தாக்கல் செய்திருந்தாலும் நின்றிருக்காது. அதற்கு 3,850 டாலர்!

இப்போது அவர்கள் மேல் வழக்குப் போடலாமா என்றால், நியூஜெர்சியில் சிறு வழக்குக் கோர்ட் வரம்பு 5,000, என் தொகை அதற்குள் வரும். ஆனால் அவர்களுடைய முகவரி வேறு மாநிலத்தில் ஒரு வாடகைத் தபால் பெட்டி. சம்மனை யாரிடம் கொடுப்பது? இவர்கள் செய்தது கணினிக் குற்றமும் இல்லையாம், யாரும் என் கணினிக்குள் நுழையவில்லை. பொய் சொல்லிப் பணம் அனுப்ப வைத்த மோசடி, அதற்கு வேறு பிரிவு. மறுபடியும் ஐசி3, ஃபெடரல் டிரேட் கமிஷன், மாநிலத்தில் அனுமதியில்லாமல் வக்கீல் தொழில் செய்பவர்களை விசாரிக்கும் குழு, மூன்றுக்கும் இன்று புகார் அனுப்புகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், தெம்பில்லை. இவ்வளவுதான்: வக்கீல் என்று யார் சொன்னாலும் மாநில நீதித்துறைத் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். வழக்கு எண் கொடுத்தால் அன்றைக்கே பேசரில் தேடுங்கள், பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்துக்கு 30 டாலர் வரை வந்தால் அதையும் கேட்க மாட்டார்கள். எண் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள், கிளார்க் அலுவலகத்துக்கே போன் செய்து கேளுங்கள். கார்டு வேண்டாம் என்பவனுக்குக் காசு கொடுக்காதீர்கள். வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புது எண்ணிலிருந்து செய்தி வந்திருக்கிறது. 600 டாலர் கட்டினால் என் 3,850-ஐ மீட்டுத் தருவார்களாம். "வணக்கம் அக்கா" என்று தொடங்குகிறது. படம் எடுத்துப் புகாரோடு சேர்த்துவிட்டேன். "சிஆர்" எண் போட்டு, உங்கள் பெயரை முதலில் வைத்த பி.டி.எஃப். யாருக்காவது வந்திருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் புகாரை இன்னொரு முறை அனுப்பலாம்.