லிங்க்ட்இன்னா, நௌக்ரியா, வாட்ஸ்அப் குழுவா? மலையிலிருந்து வேலை தேடுகிறவர்களுக்கு ஓர் அலசல்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அங்கே பஸ் மாறிக் கோவை. ஒரு இன்டர்வியூவுக்குக் கீழே இறங்கி ஏறினால் ஒரு நாள் லீவும் பஸ் காசும் போய்விடும். எந்த வழியில் தேடுகிறோம் என்பதில் கவனம் நமக்குக் கூடுதலாகவே வேண்டும்.

என் சித்தி மகள் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருடமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். கோவையிலோ கொச்சியிலோ டீ பாக்கெட் போடும் கம்பெனிக்கு மாற வேண்டும் என்பது அவள் ஆசை. போன ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில், மழையும் பவர்கட்டும் விட்ட நேரமெல்லாம், நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தோம்.

எல்லோரும் தொடங்குவது வாட்ஸ்அப் குழுவில்தான். உள்ளூர் வேலைக்கு அதை அடித்துக்கொள்ள வேறொன்று இல்லை. தொழிற்சாலையில் ஆள் வேண்டும் என்று டீ மேக்கர் (தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கிறவர்) காலையில் ஒருவரிடம் சொன்னால், இரவுக்குள் நாலு குழுவில் வந்துவிடும். ரிசார்ட் வேலையும் அப்படித்தான். ஆனால் மலையைத் தாண்டிய வேலைக்கு அதை நம்பாதீர்கள். கம்பெனி பெயரே இல்லாத போஸ்டர்கள், ஒரு போன் நம்பர், 'பதிவுக் கட்டணம்'. நானே ஒருமுறை 1,500 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். வேலைக்கு முன்னால் காசு கேட்டால் அங்கே வேலையே இல்லை என்று அர்த்தம். கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அரசு நடத்தும் தமிழ்நாடு தனியார் வேலை இணையத்தில் பதிவு இலவசம். பத்து நிமிட வேலை, முடித்து வைத்துவிடுங்கள்.

நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளம் 1997-லிருந்து இருக்கிறது. அது நடக்கும் விதம் புரிந்தால்தான் பயன். நிறுவனங்கள் பணம் கட்டி ரெஸ்யூமே கிடங்குக்குள் தேடுகின்றன. தேடுகிறவர் தட்டும் சொல் உங்கள் நௌக்ரி புரொஃபைலில் இருந்தால் நீங்கள் கண்ணில் படுவீர்கள், இல்லாவிட்டால் இல்லை. தங்கச்சி 'லேப் வேலை' என்று பொதுவாகப் போட்டிருந்தாள். குவாலிட்டி கன்ட்ரோல், சிடிசி, ஆர்த்தடாக்ஸ் (இரண்டும் தேயிலைத் தயாரிப்பு முறைகள்), ஈரப்பதச் சோதனை என்று பிரித்து எழுதினோம். விரும்பும் ஊர் என்ற இடத்தில் கோவையையும் கொச்சியையும் சேர்த்தோம். அதற்குமுன் அங்கே ஊட்டி மட்டும்தான் இருந்தது! அடுத்த இரண்டு வாரத்தில் நாலு போன். இரண்டு இன்ஷூரன்ஸ் விற்பனை, இரண்டு உருப்படியானவை. இது கண்டிப்பாக வைத்திருக்க வேண்டிய வலை. ஆனால் விரித்துவிட்டுக் காத்திருக்க மட்டுமே முடியும்.

நாமாக ஒருவரைத் தேடிப் போகலாம் என்பதுதான் லிங்க்ட்இன்னில் உள்ள வித்தியாசம். 2003 மே மாதம் திறக்கப்பட்டு, 2016-ல் மைக்ரோசாஃப்ட் கைக்கு வந்த தளம். பலரும் அதை இன்னொரு நௌக்ரியாக நினைத்து, 'ஈஸி அப்ளை' பொத்தானை நாளுக்கு முப்பது தடவை அமுக்கிவிட்டுச் சலித்துப்போகிறார்கள். நமக்கு ஒரு தட்டில் முடிகிற விண்ணப்பம் மற்ற எல்லோருக்கும் ஒரு தட்டில்தான் முடியும். அந்தக் குவியலில் கோத்தகிரிக்காரியை யார் தேடப்போகிறார்கள்?

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே சொன்ன விஷயம் இது: வேலைச் செய்தி நெருங்கிய சொந்தத்தைவிட, லேசாகப் பழகியவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது. லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2022-ல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வும் அதையே சோதித்தது. முன்பின் தெரியாதவரும் இல்லை, உயிர் நண்பரும் இல்லை, ஓரளவு அறிமுகமானவர்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகிறார் என்று கண்டது. மலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். என் சித்தப்பாவுக்குத் தெரிந்த வேலை எனக்கும் தெரியும், இருவரும் ஒரே பள்ளத்தாக்கில்தானே இருக்கிறோம். நமக்குத் தெரியாத வேலை, படிப்பை முடித்துக் கீழே இறங்கிப்போன சீனியருக்குத்தான் தெரியும்.

அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்துக்குப் போய் 'ஆலம்னி' என்பதைத் தொடுங்கள். படித்தவர்கள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் என்று பிரித்துக் காட்டும். கோவை என்று வடிகட்டியதும் வந்த முகங்களில் இரண்டு பேரைப் பார்த்து, "அண்ணா, இந்த அக்கா எங்க பஸ்லதான் வருவாங்க" என்றாள் தங்கச்சி. எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் பட்டது.

அவர்களுக்கு எழுதுவதற்குமுன் நம் லிங்க்ட்இன் பக்கம் சரியாக இருக்க வேண்டும். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் உண்டு. அவள் அதில் 'நல்ல நிறுவனத்தில் சவாலான பணி தேடுகிறேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அது யாருக்கும் பொருந்தும். "நீ அங்க தினமும் என்னம்மா பண்ற?" என்று கேட்டேன்.

"ட்ரையர்ல இருந்து வர்ற தூள்ல ஈரம் மூணு சதவீதத்தத் தாண்டினா, நான்தான் போய் நிறுத்தச் சொல்லுவேன். அதெல்லாமா எழுதறது?"

அதைத்தான் எழுத வேண்டும். ஈரம் கூடினால் மூட்டையில் தூள் கெடும் என்பது டீ வாங்குகிற எந்தக் கம்பெனிக்கும் தெரியும். தலைப்பில் தொழில், கீழே 'அபௌட்' பகுதியில் இந்த ஒரு வேலையை நாலு வரியில் போட்டோம்.

திருத்தத் தொடங்குமுன் ஒன்று: செட்டிங்கில், மாற்றங்களை நெட்வொர்க்குக்குத் தெரிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 'ஓப்பன் டு ஒர்க்' பச்சை வளையத்தையும் வேலையில் இருப்பவர்கள் போட வேண்டாம். ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும்படி வைக்கலாம், ஆனால் இப்போதைய கம்பெனியின் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன்னே உத்தரவாதம் தருவதில்லை. சின்ன ஊரில் செய்தி பரவ ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

கட்டணக் கணக்கா, இலவசமா? தொடக்கத்தில் இலவசமே போதும். பிரீமியம் கேரியர் என்ற கட்டணக் கணக்கில், முகம் தெரியாதவருக்கு அனுப்ப மாதம் 5 இன்மெயில் (நேரடிச் செய்தி) கிடைக்கும். நமக்கு வேண்டியது பாதி தெரிந்தவர். அவருக்கு இணைப்பு அழைப்போடு குறிப்பு வைத்தால் போதும். இலவசக் கணக்கில் அந்தக் குறிப்புக்கு 200 எழுத்துதான், மாதத்துக்குச் சில குறிப்புகள்தான். தமிழில் எழுதினால் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். நாங்கள் பலமுறை வெட்டி வைத்தது இது:

"வணக்கம் அக்கா. நான் உங்கள் கல்லூரியில் 3 வருடம் ஜூனியர். குன்னூரில் டீ குவாலிட்டியில் இருக்கிறேன். உங்கள் கம்பெனியில் தரப் பிரிவில் புதிதாகச் சேருகிறவரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?"

இதில் வேலை கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலை கொடு என்றால், கொடுக்கக் கையில் வேலை இல்லாதவர் பதில் போடக் கூச்சப்படுவார். விவரம் கேட்டால் யாரும் சொல்வார்கள்.

மூன்று பேருக்கு அனுப்பினோம். ஐந்தாம் நாள் பஸ் அக்காவிடமிருந்து பதில். இப்போது இடம் இல்லை, வருடக் கணக்கு முடிந்து ஏப்ரலில் ஆள் எடுப்பார்கள், அதற்குள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று வாங்கி வை, ரெஸ்யூமேவை எனக்கே அனுப்பு என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் ஒரு கேள்வி: "இன்னும் அந்த ஆறு மணி பஸ் ஓடுதா?"

தங்கச்சி முதலில் அதற்குத்தான் பதில் போட்டாள்.