பெர்செஃபொனியின் கதை: கிரேக்கத் துதிப்பாடலும் ஓவிடின் காவியமும்

பாதாள அரசன் ஹேடீஸ் கவர்ந்து சென்ற பெர்செஃபொனியின் கதைக்கு இரண்டு பழைய வடிவங்கள் முதன்மையானவை. ஒன்று, கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஹோமரின் பெயரால் வழங்கும், தானியத் தெய்வமான டிமீட்டரைப் பாடும் துதிப்பாடல். மற்றொன்று, ரோமானியக் கவிஞர் ஓவிட் கி.பி. 8 வாக்கில் இலத்தீனில் முடித்த 'மெட்டமார்ஃபசிஸ்'.

துதிப்பாடலில் பெர்செஃபொனியின் தந்தையும் தேவர்களின் அரசனுமான சியூஸே, மகளையும் தாயையும் கேளாமல், இந்த மணத்துக்கு இசைந்துவிடுகிறார். தாய் டிமீட்டர் கெஞ்சவில்லை. விதை முளைக்காதபடி தடுத்து, மனிதர்கள் பட்டினியால் மாண்டால் தேவர்களுக்குப் பலியிட எவரும் இரார் என்ற நிலையை உண்டாக்கி, சியூஸைப் பணிய வைக்கிறாள். ஓவிடிடம் அதே தாய், சீரிஸ் என்ற பெயருடன், சிசிலியின் கலப்பைகளை உடைத்துச் சீறினாலும், இறுதியில் ஜூபிடரிடம் (சியூஸின் ரோமானியப் பெயர்) முறையிடவே செல்கிறாள். அவரோ நடந்தது தீங்கன்று, காதல் என்கிறார்.

பாதாளத்தில் உணவு உண்டவள் அதை முழுதும் விட்டு நீங்க முடியாது; அவளை அப்படிப் பிணைக்கும் மாதுளையில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. துதிப்பாடலில் ஹேடீஸ் மறைவாக ஒரு விதையைத் தருகிறான்; தன்னை வற்புறுத்தி உண்ணவைத்ததாக மகளே தாயிடம் சொல்கிறாள். ஓவிடிடம் அவளே பழத்தைப் பறித்து ஏழு விதைகளை உண்கிறாள். பழி சத்தமின்றி அவள் பக்கம் நகர்கிறது. ஆயினும், சம்மதத்தைப் பற்றி நேராகப் பேசும் குரல் ஓவிடிடமே உள்ளது: சயானி என்னும் நீரணங்கு தேரை வழிமறித்து, பெண்ணைக் கேட்டுப் பெறவேண்டுமேயன்றிப் பறிக்கக் கூடாது என்கிறாள்.

பெண்களின் கூட்டு வலிமைக்குக் குறியீடு தேடுவோருக்குத் துதிப்பாடலே பொருந்தும் என்பது என் கணிப்பு. ஏதென்ஸில் ஆண்களை விலக்கி, மணமான பெண்கள் நடத்திய தெஸ்மொஃபோரியா விழாவும் இந்தத் தாய்க்கும் மகளுக்கும் உரியதே.